இருபத்தைந்துக்குக் குறையாமல்

ஜூலை. மொக்கோட்லாங் மலைகளில் பனி.
கணினி அறையில் இருபத்துமூன்று பெட்டிகள்,
ஜோகன்னஸ்பர்க் வங்கி ஒன்று கழித்துக்கட்டியவை.
ஒவ்வொன்றின் முதுகிலும் இன்னும் அதன் சொத்து எண்.
நான் கணக்கு டீச்சர்.
எப்போதோ ஒருமுறை அச்சுப்பொறியைச் சரிசெய்துவிட்டேன்.
அந்தப் பாவத்துக்கு இந்த அறைச் சாவி என் கழுத்தில்.

திங்கள் காலை ரெலெபோஹிலே வந்து நின்றாள்:
"ம்மே, என் வரலாற்றுக் கட்டுரை குட்டி போட்டிருக்கிறது."
கோப்புறை இருந்த இடத்தில் ஒரு குறுக்குவழி.
தொட்டால் இன்னொன்று.
மதியத்துக்குள் பதினேழு பெட்டிகள்.
தேர்வுப் பட்டியல், விடுதிக் கணக்கு,
கம்பளி விற்ற காசில் பெற்றோர் கட்டிய கட்டணத்தின் ரசீதுகள்
எல்லாம் உயிரோடுதான் இருந்தன உள்ளே,
கண்ணுக்குத்தான் இல்லை.

இலவசமாய் ஒன்று உண்டு என்றார் கணக்கர் மாடெபோஹோ.
உண்டுதான்.
ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படித்தேன்:
வீட்டு உபயோகத்துக்கு மட்டும்.
எண்பது பிள்ளைகள் இங்கேயே உண்டு உறங்கினாலும்
பள்ளி வீடாகாது.

இன்னொன்று பேர்பெற்றது. முப்பது நாள் சோதனைக்கு
நான்காம் பெட்டியில் போட்டுப் பார்த்தேன்.
காவலுக்கு வந்தவன்
வீட்டாரை எழுந்திருக்கவே விடவில்லை.
இரண்டு ஜிபி நினைவகத்தில் ஒன்றரையைத் தின்றுவிட்டு
பச்சை எழுத்தில் சொன்னது: பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.
இருந்தோம். எதுவுமே திறக்கவில்லை.

மூன்றாவது மெலிந்தது, வாயாடாதது,
இணையம் இல்லாத நாளிலும் தன் வேலையைப் பார்ப்பது.
பெட்டிக்கு ஆண்டுக்கு முந்நூற்றுப் பத்து மலோட்டி.
பெருக்கினால் ஏழாயிரத்து நூற்று முப்பது.
கரும்பலகையில் எழுதி அழித்தேன்.
தொகை மாறவில்லை.

நிர்வாகக் குழுவில் தலைமையாசிரியர் செகோன்யானா
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்:
"நிலக்கரிக்கு ஐயாயிரம் வைத்திருக்கிறோம்.
எதைக் கொளுத்தட்டும்?"
யானை தானமாக வந்தது.
அங்குசத்துக்குத்தான் இந்த அழுகை.
அதுவும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அங்குசம்.

புளூம்ஃபோன்டெய்னுக்குப் போன் போட்டேன்.
விற்பனையாளர் ஃபூரீ இரண்டு நாள் யோசித்துச் சொன்னார்:
பள்ளிக்கென்றால் நூற்று எண்பத்தாறு.
ஆனால் இருபத்தைந்துக்குக் குறையாமல்.
என்னிடம் இருபத்துமூன்று.
இல்லாத இரண்டு பெட்டிகளுக்கும் சேர்த்து
நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது.

கரி மூட்டையில் எட்டைக் குறைத்தோம்.
பழைய சீருடைகளை ஏலம் விட்டோம்.
மீதி என் சம்பளத்தில் இருந்து;
அதை யாருக்கும் சொல்லவில்லை,
இங்கே சொல்வதோடு சரி.

பனியில் மூன்று மாலை உட்கார்ந்து ஏற்றினேன்.
பதினேழும் மீண்டன. கட்டுரையும் மீண்டது,
எழுத்துப் பிழைகள் உட்பட.
அடுத்த திங்கள் ஆறாம் பெட்டி கத்தியது.
பென்டிரைவ் புதிது, நோய் அதேதான்.
யாருடையது என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்:
"ட்செகோ கடையில் நகலெடுத்தேன், ம்மே."

பேருந்து நிலையத்தில், செருப்புத் தைப்பவருக்குப் பக்கத்தில்
ட்செகோவின் கடை. ஒரே கணினி.
மலையிலிருக்கும் விண்ணப்பம், மரணச் சான்றிதழ்,
திருமண அழைப்பு அத்தனையும் அதன் வழியாகத்தான் போகும்.
அவர் அதற்குத் தடுப்பு எதுவும் போட்டதில்லை.
"இருமினால் அணைத்துவிடுவேன்," என்றார்.

மறுபடி ஃபூரீ. நேராகவே கேட்டேன்:
மீந்த இரண்டில் ஒன்றை
பள்ளிக்கு வெளியே ஒரு பெட்டியில் போட்டால்?
அந்தப் பக்கம் வெகுநேரம் காற்று மட்டும்.
பிறகு சொன்னார்:
"உங்கள் ஊரில் பனி போல, டீச்சர்.
நீங்கள் சொன்னது எதுவும் விழவில்லை."

இன்று ட்செகோவின் கணினி நானூற்றுப் பன்னிரண்டு கண்டுபிடித்தது.
அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்,
நகல் ஒன்றுக்குக் காசு வேண்டாம் என்றார்.

கையில் இன்னும் ஒன்று மிச்சம்.
தலைமையாசிரியரின் மடிக்கணினியைக் கேட்டேன்.
அதில் எதுவும் இல்லை என்கிறார்,
பையை மார்போடு அணைத்துக்கொண்டு.